மூன்றாம் கட்டிலில் படுத்த தலைவர்

சங்கச் செயலக வேலை என்பது எல்லோருக்கும் பிறகு சாப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் திட்டு வாங்குகிற தொழில். கோயில் கமிட்டி, பள்ளிவாசல் கமிட்டி, பழைய மாணவர் சங்கம், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் என்று எதிலாவது ஒரு முறை 'நீங்களே பாத்துக்குங்க' என்று தலையில் கட்டப்பட்டவர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நீங்களெல்லாம் என் இனம்.

நான் இருப்பது இதய மருத்துவர் சங்கம் ஒன்றின் பினாங்குக் கிளையில். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கடைவீட்டு மாடியில் அலுவலகம். ஏறுவதற்குச் செங்குத்தான மரப்படிக்கட்டு. என் பெயர் நூர்ஜஹான், டாக்டர்களுக்கு நூர். பதவி நிர்வாக அதிகாரி. ஹால் பிடிப்பதிலிருந்து மைக் சரிசெய்வது வரை எல்லாம் நான்தான். புலம்புகிறேனே தவிர, எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம், இதய டாக்டர்கள் நிறைந்த ஹாலுக்குள்ளேயே எங்களில் ஒருவருடைய உயிர் எங்கள் கையை விட்டு நழுவப் பார்த்தது. அதைத்தான் துண்டு துண்டாகச் சொல்லப்போகிறேன்.

இதயம் வரைந்த போர்டு

எங்கள் வாசலில் பெரிதாகச் சிவப்பு இதயம் வரைந்த பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறது. அதை நம்பி அவ்வப்போது யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்துவிடுவார்கள். அவர்களை உட்காரவைத்து, ஆம்புலன்ஸை அழைத்து முடிப்பதற்குள் எனக்கு நெஞ்சு அடைத்துவிடும். ஒரு நாள் ஜெலுத்தோங்கில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அப்படி வந்தார். நல்லவேளை, ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வெறும் வாயுத் தொல்லைதான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் ஒரு பை நிறைய ரம்புத்தான் பழத்தோடு நன்றி சொல்ல வந்தார். வந்தவர் சும்மா போகாமல், இங்கே டாக்டரே இல்லையே, பின்னே இது என்ன ஆபீஸ் என்று கேட்டார். நாங்கள் நோயாளிகளைப் பார்ப்பதில்லை, அவர்களைப் பார்க்கிற டாக்டர்களைத்தான் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். புது சிகிச்சை எதுவும் வந்தால் வகுப்பு நடத்துகிறோம். சின்ன ஆஸ்பத்திரியில் தனியாக மாட்டிக்கொண்டு முழிக்கிற டாக்டருக்கு, போனில் வழி சொல்ல ஓர் அனுபவசாலியைப் பிடித்துக் கொடுக்கிறோம். காப்பாற்ற முடியாமல் போன நோயாளியை நினைத்து உடைந்துபோனவரை, அப்படி ஒரு முறை உடைந்து எழுந்த இன்னொருவரோடு பேசவைக்கிறோம். இப்படி அடுக்கிக்கொண்டே போனேன். அவர் தான் கொண்டுவந்த ரம்புத்தானைத் தானே உரித்துத் தின்றபடி பொறுமையாகக் கேட்டார்.

"டாக்டருங்களைப் பாத்துக்கறதுக்கு ஒரு ஆபீஸா? அவங்களுக்கு என்னம்மா நோவு வரப்போவுது?"

சட்டையைக் கழற்ற ஓர் ஆள்

என் தலைவலிகளில் பெரியது எக்கோ வகுப்பு. எக்கோ என்றால் இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன். நெஞ்சில் குளுகுளுவென்று ஜெல்லைத் தடவி, கைக்கு அடக்கமான ஒரு கருவியை அங்கே இங்கே நகர்த்தினால் திரையில் இதயம் துடிப்பது தெரியும். இதய நிபுணர் இல்லாத ஊர்களிலிருந்து டாக்டர்கள் வந்து இதைக் கற்றுக்கொண்டு போவார்கள். கற்றுக்கொள்ள இதயம் வேண்டுமே! சட்டையைக் கழற்றி, இடப்பக்கமாகச் சரிந்து, கட்டிலில் படுத்துக் கிடக்க ஆள் பிடிப்பது என் பொறுப்பு. அந்த ஆளுக்கு 'மாடல்' என்று பெயர். பெயரில் இருக்கிற பளபளப்பு வேலையில் கிடையாது.

இந்த முறை மூன்று கட்டில், இரண்டே மாடல். ஜுருவில் பழைய கெரெத்தா, அதாவது கார், வியாபாரம் செய்யும் என் சின்னம்மா மகன் சலீமை மடக்கினேன். இலவச ஸ்கேன், வயிறு முட்ட நாசி கண்டார் சோறு என்று ஆசை காட்டினேன். அசையவில்லை. கடைசியில் அவன் மனைவியிடம் சொல்லிக் காரியத்தை முடித்தேன். அவள் கிழித்த கோட்டை அவன் தாண்டமாட்டான் என்று நினைத்தது என் தப்பு. ஏனென்றால் முதலில் நான் கேட்டபோதே அவன் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டான்.

"பத்துப் பேரு மாத்தி மாத்தி வந்து தொட்டுப் பாத்துட்டுப் போறதுக்கு நான் என்னக்கா செகண்ட் ஹேண்ட் கெரெத்தாவா? முடியாது லா."

காலியாகக் கிடந்த கட்டில்

வகுப்பு நாள் காலையில் சலீமின் போன் அணைந்திருந்தது. மூன்றாம் கட்டில் காலி. கற்றுக்கொள்ள வந்தவர்கள் அதைச் சுற்றி நின்று என்னைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அப்போது எங்கள் கிளைத் தலைவர் டாக்டர் சிவநேசன் உள்ளே வந்தார். ஜார்ஜ் டவுனில் பேர் சொன்னால் தெரிகிற இதய நிபுணர். அறுபதை நெருங்குகிறார். கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். திட்டு வாங்காமல் அவரிடம் மருந்துச் சீட்டு வாங்கியவர் யாரும் இல்லை. தம்பி இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டு, என்னைத் திட்டத்தான் போகிறார் என்று நான் தயாரானேன். அவரோ கட்டிலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், டையைத் தளர்த்திச் சட்டையைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்துவிட்டார். முகம் சுவர்ப்பக்கம், காதில் போன், ஆஸ்பத்திரி வார்டோடு பேச்சு. திரையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தலைவருடைய நெஞ்சில் கை வைக்க எல்லோருக்கும் நடுக்கம். பேருக்கு ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நழுவினார்கள். நழுவாமல் நின்றவர் டாக்டர் கமலா மட்டும்தான். கெடாவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பொது மருத்துவர். என் வயது, என்னைவிடப் பிடிவாதம். அவருடைய ஆஸ்பத்திரிக்கு எக்கோ மிஷின் வந்துவிட்டது, அதை இயக்கத்தான் ஆள் இல்லை. கமலா எடுத்த அளவை வாய்விட்டுச் சொன்னதும், "ஆங்கிள் தப்பு, திரும்ப எடுங்க" என்றார் சிவநேசன் சுவரைப் பார்த்தபடியே. திரும்ப எடுத்தார். அதே அளவுதான் வந்தது. மறுபடியும் "தப்பு". தேநீர் இடைவேளையில் தலைவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார், கமலா கையில் எடுத்த கறிபஃபைக் கடிக்காமலே நின்றார்.

"நான் எடுத்தா அந்த வால்வு சரியா திறக்கவே மாட்டேங்குது, நூர். தலைவரோட இதயம் நல்லாத்தானே இருக்கும், என் கைதான் சரியில்ல. ஊருக்குப் போயி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மிஷினைத் தொடுறது?"

தப்புப் படங்களின் நேரம்

எங்கள் வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஒரு மணி நேரம், ஒவ்வொருவரும் அன்று தாம் எடுத்ததிலேயே மட்டமான படத்தைப் பெரிய திரைக்கு அனுப்ப வேண்டும். எடுத்தவர் பெயர் இருக்காது, கட்டில் எண் மட்டும் ஓரத்தில் இருக்கும். எல்லோரும் சேர்ந்து சிரித்து, எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பார்கள். மற்ற இடங்களில் நல்ல படத்தைக் காட்டித்தான் பாடம் நடத்துவார்கள். இங்கே தப்பைக் காட்டினால்தான் காப்பி. இதை ஆரம்பித்துவைத்தவரே சிவநேசன்தான். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவர் யாரையும் திட்டமாட்டார்.

நாலைந்து படங்கள் வந்தன, சிரிப்பு அடங்கவில்லை. அடுத்து மூன்றாம் கட்டிலின் படம் வந்தது. சிவநேசன் சிரிப்பை நிறுத்தினார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே பாய்கிற வாசலில் இருக்கும் வால்வு அது. முழுதாக விரிந்து மூட வேண்டியது, சுண்ணாம்பு பிடித்த மாதிரி தடித்துப்போய், கீற்றளவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. "இது தப்புப் படம் இல்ல. எடுத்தவங்க அருமையா எடுத்திருக்காங்க" என்றார். அப்புறம் குரலை உயர்த்தினார். "யார் இந்த மாடல்? இந்த வால்வை மாத்தியாகணும். இப்படியே விட்டா ஒரு நாள் நடந்துகிட்டு இருக்கறப்பவே விழுந்துருவாரு. நூர், மூணாவது கட்டில் உங்க தம்பிதானே? இப்பவே போன் போடுங்க. வேலை இருக்கு, அப்புறம் வரேன்னு கதை சொல்லுவாரு. காதுல வாங்காதீங்க."

சலீம் பிறகு வந்து படுத்திருப்பான் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். கமலாவின் முகம் வெளுத்துப்போனது. நான் எழுந்து நின்றேன்.  "டாக்டர், சலீம் கடைசி வரைக்கும் வரவே இல்ல. மூணாவது கட்டில்ல இன்னிக்குப் படுத்தது நீங்க மட்டும்தான்" என்றேன்.  அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அந்த ஆளுக்கு அடுத்த மாசம் வரைக்கும் வேலை இருக்கே, நூர்."

கதவுக்கு வெளியே கேட்டது

அன்று சாயங்காலமே எங்கள் துணைத்தலைவர் டாக்டர் ஓங் அவரை மறுபடியும் ஸ்கேன் செய்தார். கமலா எடுத்த அளவு அச்சாக அப்படியே வந்தது. அறுவை நிபுணரும் பார்த்துவிட்டு, தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். கெடாவுக்குப் போனில் சொன்னபோது கமலா சந்தோஷப்படவில்லை. என் கை தப்பாகவே இருந்திருக்கலாம் என்று அழுதார்.

தலைவர் தள்ளிப்போட்டார். சங்க மாநாடு முடியட்டும் என்றார். மாநாடு முடிந்தது, தீபாவளி போகட்டும் என்றார். தீபாவளியும் போனது. எங்கள் மாடிக்கு வரும்போது பாதிப் படியில் நின்று போனைப் பார்ப்பது அவர் பழக்கம். ரொம்ப நாளாகவே அப்படித்தான், நானும் முக்கியமான செய்தி போல என்று இருந்துவிட்டேன். இப்போது மேலிருந்து எட்டிப் பார்த்தால், போன் திரையில் வெளிச்சமே இல்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் நேரடியாகக் கேட்டேன். கோபப்படுவார் என்று பார்த்தால், மெதுவாகச் சொன்னார். "மூணு மாசம் நான் படுத்துட்டா பேஷண்டுங்க எல்லாம் எதிர் ஆஸ்பத்திரிக்குப் போயிருவாங்க. போனவங்க திரும்ப வரமாட்டாங்க, நூர். முப்பது வருஷமா சேத்தது." எதிர் ஆஸ்பத்திரி என்றால் டாக்டர் ஓங். ஒரே சாலையில் எதிரும் புதிருமாக இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகள். சங்கத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, வெளியே வந்தால் போட்டி.

அந்த வாரம் தலைவரின் மனைவி புவனேஸ்வரி அக்கா எனக்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கும் தலைவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்பவர் அந்த அக்காதான். அழாமல் பேச வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"உடனே ஆபரேஷன் பண்ணுங்கன்னு இந்த மனுஷன் மத்தவங்களைத் திட்டறதைக் கதவுக்கு வெளியில ஒக்காந்து தினமும் கேக்கறேன், நூர். அதையே அவருக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லையா உங்க சங்கத்துல?"

டாக்டர் ஓங்கின் தமிழ்

டாக்டர் ஓங் பினாங்குச் சீனர். ஜெலுத்தோங்கிலிருந்து வரும் தமிழ்க் கிழவிகளைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலி, மூச்சு வாங்குதா, மாத்திரை, படிக்கட்டு, பொய் சொல்லாதே. மொத்தச் சொத்தும் அதுதான். நான் அவரிடம் போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன், எதிர் ஆஸ்பத்திரிப் பயத்தையும் சேர்த்து. தலைவர் நம்பிச் சொன்னதை வெளியே சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். ஆளே போன பிறகு ரகசியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஓங் செயற்குழுக் கூட்டத்தை மட்டும் முன்கூட்டியே வைக்கச் சொன்னார்.

கூட்டத்தன்று தலைவர் வழக்கம்போலப் பாதிப் படியில் நின்று போனை எடுத்தார். பின்னாலேயே ஏறி வந்த ஓங் ஒரு படி கீழே நின்றார். நான் மேலே கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஓங், கிழவிகளிடம் பேசுகிற அதே குரலில், அதே தமிழில் கேட்டார். "சிவா. படிக்கட்டு. மூச்சு வாங்குதா?" தலைவர், "நோ லா, மெசேஜ் பாக்கறேன்" என்றார். ஓங் போனை அவர் கையிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "பொய் சொல்லாதே."

எத்தனையோ பேரை மிரட்டிய அந்த மனிதர் சுவரைப் பிடித்தபடி நின்றார். பிறகு நோயாளி சொல்கிற மாதிரியே, "வாங்குது" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஓங்கும் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார். குறுகலான படி அது, இரண்டு பேருக்குமே இடம் போதாது. ஓங் ஆங்கிலத்தில், தணிந்த குரலில், தன் திட்டத்தைச் சொன்னார். வாரத்தில் இரண்டு நாள் தலைவருடைய ஆஸ்பத்திரிக்கு வந்து, தலைவருடைய அறையிலேயே உட்கார்ந்து, தலைவருடைய நோயாளிகளைத் தலைவர் பெயரிலேயே பார்ப்பாராம். மற்ற நாட்களைக் கிளை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள வேண்டியது, இரண்டு ஆஸ்பத்திரி நிர்வாகத்திடமும் பேச வேண்டியது நூர். என்னைக் கேட்காமலே என் தலையில் கட்டிவிட்டார், வழக்கம்போல. இந்த ஒரு தடவை எனக்குக் கோபமே வரவில்லை. தலைவர் நம்பாத மாதிரி அவரையே பார்த்தார். ஓங் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"உன் பேஷண்ட் ஒருத்தர்கூட ரோட்டைத் தாண்ட வேண்டாம், சிவா. நான் தாண்டி வரேன்."

திட்டு இல்லாத வைத்தியம்

எங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு செய்தி அனுப்பினால் பதில் வருவதற்குள் எனக்கு ஒரு நரைமுடி கூடிவிடும். தலைவருக்குப் பதிலாக யார் எந்த நாள் என்று கேட்ட இந்தச் செய்திக்கு மட்டும், நான் போனைக் கீழே வைப்பதற்குள் எல்லா நாளும் நிரம்பிவிட்டது. ஆபரேஷன் நடந்த அன்று புவனேஸ்வரி அக்காவோடு வெளியே உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் இந்த டாக்டர்களுக்கு நடுவிலேயே இருந்தும், ஒரு மனிதனின் இதயத்தை நிறுத்திவிட்டு மறுபடியும் ஓடவிடுவார்கள் என்பதை அன்றைக்குத்தான் நான் உண்மையில் நினைத்துப் பார்த்தேன். அறுவை நிபுணர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்று தலையை ஆட்டியபோது அக்கா என் கையை நெரித்த நெரிப்பில் வளையல் வளைந்துவிட்டது.

இரண்டு மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தலைவர் இளைத்து, சாய்வு நாற்காலியில், நெஞ்சோடு ஒரு குட்டித் தலையணையை அணைத்தபடி இருந்தார். நெஞ்செலும்பைத் திறந்து மூடியவர்கள் இருமும்போதும் சிரிக்கும்போதும் அப்படி அணைத்துக்கொள்ள வேண்டுமாம், இல்லாவிட்டால் வலி உயிரை வாங்கிவிடும். நலம் விசாரித்து முடிக்கவில்லை, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டுவிட்டார். "பேஷண்டுங்க ஓங்கோட செட் ஆயிட்டாங்களா?" அந்தக் கேள்வியைக் கேட்க அவர் எவ்வளவு பயந்தார் என்று எனக்குத் தெரிந்தது.

அன்று காலைதான், ஓங் அங்கே வந்து பார்ப்பதற்கான அனுமதிக் காகித விஷயமாக அவர் கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கே ஜெலுத்தோங் ஃபிளாட்டிலிருந்து வரும் மாரியம்மா என்கிற அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் தலைவரிடம் ஒப்பித்தேன். "அந்தச் சீன டாக்டர் ரொம்ப நல்லவருதான், கொறை சொல்லக் கூடாது. ஆனா இனிப்பு தின்னேன்னு சொன்னாக்கூட சிரிச்சிக்கிட்டே போறாரும்மா. திட்டு வாங்காம எனக்கு மருந்து பிடிக்க மாட்டேங்குது. நம்ம டாக்டர் எப்ப வருவாரு?" தலைவர் தலையணையை இறுக்கிக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ள முயலாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.  பிறகு பழைய அதட்டல் குரலில், ஆனால் மெதுவாகச் சொன்னார்.

"ஓங் எழுதின மருந்து சரியான மருந்துதான், ஒழுங்கா சாப்பிடச் சொல்லுங்க. திட்டை மட்டும் நான் வந்து தரேன்."

இத்தனை வருடம் டாக்டர்களைக் கட்டி மேய்த்ததில் நான் கண்டறிந்தது இவ்வளவுதான்: அவர்களை ஒரு கூட்டத்துக்கு வரவழைப்பதைவிட ஓர் ஆபரேஷனுக்குப் படுக்கவைப்பது கொஞ்சம் கூடுதல் சிரமம்.